இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பம்ப்

படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் படிக்காமல் இருந்துவிடக் கூடாதே என்று கல்வி அலுவலகம் படுகிற கவலையில் கால்வாசிகூடப் பெற்ற தகப்பன் எனக்குக் கிடையாது. நான் பம்ப் மெக்கானிக். கோடை வந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கும், மோட்டார் வெறுமனே ஓடும், உள்ளே கம்பிச்சுருள் கருகும், ஊரே என்னைத் தேடும். என் மகளுக்குக் கோடை என்றால் புத்தகம். பதினோராம் வகுப்பில் உயர்நிலை ஆங்கிலப் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மொத்தமே நாற்பது இடம். அதற்காக அவள் இரண்டு தேர்வு எழுதினாள், நான் ஆறு படிவம் நிரப்பினேன். அதாவது, அவள் நிரப்பினாள், நான் கையெழுத்துப் போட்டேன்.

விடுமுறையின் முதல் நாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. மேற்படி பிரிவு மாணாக்கர் யாவரும் மேற்படி ஆங்கில நாவலை மேற்படி விடுமுறைக்குள் வாசித்து முடித்து, வாசித்தமைக்கு ஆதாரமாகப் பக்கம் ஒன்றுக்கு மூன்று வண்ணச் சீட்டுக்குக் குறையாமல் ஒட்டி ஒப்படைக்க வேண்டியது. மஞ்சள் சீட்டில் குறியீடு. இளஞ்சிவப்புச் சீட்டில் மன உருக்கம். பச்சைச் சீட்டில் சொந்த வாழ்க்கையோடு உள்ள தொடர்பு. தவறினால் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படுவர். புத்தகம் நானூற்றுப் பதினாறு பக்கம். ஆக, பிள்ளைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டுச் சீட்டு.

நாவல் ரொம்பப் பழையது, கடையில் கிடைக்காது. அலுவலகமே ஓர் அச்சகத்தில் சொல்லிப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தது. எத்தனையோ நாவல் இருக்க இது ஏன் என்று ஒரு தாயார் கேட்டாராம். விளிம்பு அகலமாக இருப்பதால் சீட்டு ஒட்ட வசதி என்று பதில் வந்ததாம்.

ஒரே வாரத்தில் கடைகளில் வண்ணச் சீட்டு தீர்ந்துபோனது. எதிர்வீட்டுப் பெண்ணும் அதே பிரிவு. அங்கே குடும்பமே வட்டமாக உட்கார்ந்து ஒட்டியது. சித்தப்பா மஞ்சள், சித்தி இளஞ்சிவப்பு, தாய்மாமா பச்சை. தாய்மாமாவுக்கு அத்தனை பக்கத்துக்கும் போதுமான வாழ்க்கை இல்லாததால் பாதிக்குமேல் சொந்தமாகக் கற்பனை செய்துகொண்டார். அந்தப் பெண் கதைச் சுருக்கத்தை இணையத்தில் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

என் மகள் செய்த தவறு வேறு. அவள் புத்தகத்தைப் படித்துவிட்டாள்.

நாலே நாளில் முடித்தாள். சோறு ஆறியது தெரியவில்லை, அவள் அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. ஒட்டச் சொன்ன சீட்டுகள் பிரிக்காமலே கிடந்தன. ஐந்தாம் நாள் காலையில், பழுதான மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்களேன்.”

“கையெல்லாம் கிரீஸ். நீயே சொல்லும்மா.”

சொன்னாள். பனி பெய்கிற ஒரு ஊர். அங்கே கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு பெண். அவளுடைய தம்பி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருஷம். இருநூற்று நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்குகிறாள். எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால், அதே ஆங்கிலத்தில்: “பம்பை இயக்கும் முன் அதன் உறைக்குள் நீர் நிரம்பியிருப்பதை உறுதி செய்க.”

பதினாறு பக்கம் இப்படியே. இருநூற்று ஐம்பத்தேழில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். வந்தது யார், எதற்கு அழுகிறாள் என்று அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு வார்த்தை கிடையாது. இணையத்துச் சுருக்கத்திலும் அது இல்லையாம்.

கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

“அட, நம்ம ஒரு குதிரைசக்தி பம்பு! உள்ளே சுத்துற இம்பெல்லர் படம் பாரு. பெட்டி மேலகூட இதேதான் போட்டிருப்பான்.”

“அப்போ இது பம்புக் கையேடுதானே? பைண்டிங்ல மாறிப்போச்சு.”

“வேற என்ன? டீச்சர்கிட்ட சொல்லு, நல்ல பக்கம் கொடுத்துடுவாங்க.”

இதை நான் சொன்னபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

அவள் ஒரே ஒரு சீட்டு ஒட்டினாள். இருநூற்று நாற்பதாம் பக்கத்தில், “யார் வந்தது?” என்று எழுதி. கூடவே, இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம்வரை பம்புக் கையேடு சேர்ந்துவிட்டது, சரியான பக்கங்களைத் தந்து உதவவும் என்று ஒரு விண்ணப்பம். பள்ளி திறந்ததும் முடிவு ஒட்டினார்கள். முப்பத்தொன்பது பேர் தேர்ச்சி. என் மகளின் பெயருக்கு நேரே: “வாசிப்பு ஆதாரம் போதாமை. குறியீட்டு நயம் உணராமை. பொதுப் பிரிவுக்கு மாற்றப் பரிந்துரை.”

அன்று வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். “ஒழுங்காப் படிச்சதுக்காப்பா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாளே ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

ஆங்கில டீச்சரின் மேசையில் முப்பத்தொன்பது புத்தகமும் வண்ணவண்ணமாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. நடுவில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது.

“டீச்சர், அது பம்புக் கையேடு. எந்தப் பிள்ளையும் சொல்லலையா?”

“நீங்களே பாருங்க சார்.” எதிர்வீட்டுப் பெண்ணின் புத்தகத்தை எடுத்து இருநூற்று நாற்பத்தைந்தாம் பக்கத்தைக் காட்டினார். “காற்று முழுவதும் வெளியேறும்வரை திருகைத் தளர்த்துக” என்ற வரிக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்புச் சீட்டு: நெஞ்சை உலுக்கிய இடம். பச்சைச் சீட்டு: என் வாழ்விலும் இது நடந்தது. “முப்பத்தொன்பது பேருக்கும் நெஞ்சை உலுக்கியிருக்கு. உங்க பொண்ணுக்கு மட்டும் உலுக்கல. நான் என்ன பண்ண?”

“நீங்க படிச்சீங்களா டீச்சர்?”

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளைங்க படிக்கிறாங்களான்னு தினம் நாற்பது படிவம் நிரப்பி மேலே அனுப்பணும். நான் எந்த நேரத்துல சார் படிக்கிறது? வாசிப்பு மேம்பாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்க. பரிந்துரையைத் திருப்ப அவராலதான் முடியும்.”

வாசிப்பு மேம்பாட்டு அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அவர் அறையில் புத்தகம் எதுவும் இல்லை, புத்தகங்களைப் பற்றிய கோப்புகள் கூரைவரை இருந்தன. நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நீங்க நாவலைப் படிச்சிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“படிக்காத நாவல்ல பம்பு கிடையாதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“சார், அதுல எத்தனை அடி ஆழத்துக்கு எந்தக் குழாய்னு அட்டவணையே போட்டிருக்கு.”

“ஆழம்!” கண்ணைத் திறந்தார். “ஒரு பெண் கதவைத் திறக்கிறா. உடனே ஆழம். நீர் நிரம்பியிருப்பதை உறுதி செய்க. இருநூற்று ஐம்பத்தேழுல அவ அழறா. தண்ணி எங்கேர்ந்து வந்ததுங்கறீங்க? இப்ப வெளிநாட்டுல எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. நேராச் சொன்னா அது இலக்கியமே இல்ல.”

“இது நூறு வருஷத்துக்கு முந்தின நாவல் சார்.”

“அப்பவே எழுதியிருக்காருன்னா எவ்வளவு பெரிய ஆளு!”

கொஞ்ச நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான் கழற்றி மாட்டியதெல்லாம் பம்ப்தானா என்று யோசித்தேன். ஆனால் மகள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்ததும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சார், கடைசி வரியில கியாரண்டி ஒரு வருஷம்னு போட்டிருக்கு.”

அவர் யோசித்தார். நல்ல மனிதர் என்றுதான் சொன்னேனே. “சரி. நடுநிலையோட முடிவெடுப்போம். இந்தப் பதினாறு பக்கம் நாவல் இல்லைன்னா, நாவலோட நிஜமான பதினாறு பக்கம் எங்கேயாவது இருக்கணும். ஏழு நாள் தரேன். கொண்டாங்க. இல்லைன்னா பரிந்துரை உறுதி.”

ஆறு நாள் அலைந்தேன். மூன்று நூலகத்திலும் அலுவலகம் கொடுத்த அதே பதிப்புதான் இருந்தது, அதே பம்ப்தான் ஓடியது. ஒரு நூலகர், இந்த நாவலை எடுத்துப்போன யாரும் குறை சொன்னதில்லை என்றார். யாரும் எடுத்துப்போனதில்லை என்பதையும் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். பழைய புத்தகக் கடையில் தூசிதான் கிடைத்தது. ஆறாம் நாள் அந்த அச்சகத்தைத் தேடிப் பிடித்தேன்.

“நாவலும் பம்புக் கையேடும் ஒரே நாள்லதான் பைண்டிங்குக்குப் போச்சு,” என்றார் அச்சக முதலாளி. “ரெண்டும் ஒரே அளவு, ஒரே பேப்பர்.”

“அப்ப மாறியிருக்கும்ல?”

“எப்படிங்க மாறும்? இங்கே மாறினா அங்கேயும் மாறணும் இல்ல? இந்தச் சீசனுக்கு நாலாயிரம் கையேடு போயிருக்கு. நாலாயிரம் பம்பு, நாலாயிரம் வீடு. கையேட்டுல நாவல் வந்திருக்குன்னு ஒருத்தராவது புகார் சொல்லணுமா இல்லையா? ஒரு போன்கூட வரலீங்க. நாலாயிரம் பேரும் முட்டாளா?”

ஏழாம் நாள் அலுவலரிடம் போய் அதை அப்படியே ஒப்பித்தேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். “பொண்ணு எதிர்காலம் முக்கியம். ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிடுங்க, நான் சுமுகமா முடிச்சு வைக்கிறேன்,” என்று நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். அடியில், “படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன்” என்று அச்சடித்திருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டதாக என் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வீட்டில் படிவத்தின் நகலை மேசையில் வைத்தேன். “சுமுகமா முடிஞ்சிடுச்சும்மா,” என்றேன். மகள் எடுத்துப் படித்தாள். அவளுக்குத்தான் அந்தக் கெட்ட பழக்கம் உண்டே.

“மூணாம் பக்கம் பாத்தீங்களாப்பா?”

“என்ன?”

“‘மாணவி தாமாகவே முன்வந்து பொதுப் பிரிவுக்கு மாறிக்கொள்கிறார்.’”

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் அச்சகத்துக்காரர்மேல் பழியைப் போட்டேன். நாலாயிரம் வீட்டுக் கணக்கைச் சொன்னேன். மகள் அசையாமல் கேட்டாள்.

“நாலாயிரத்துல ஒண்ணையாவது நீங்க திறந்து பாத்தீங்களா?”

“கையேட்டுல என்னம்மா இருக்கப்போகுது? பம்பைப் பத்தித்தான் இருக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் என் கருவிப் பெட்டியிடம் போய்விட்டாள். புதுப் பம்ப் மாட்டினால் வீட்டுக்காரர்கள் கையேட்டை என்னிடமே தள்ளிவிடுவார்கள், “இது எங்களுக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்குங்க” என்று. வேண்டாமென்று சொல்ல மனம் வராது. ஸ்பானருக்கு அடியில் மூன்று கிடந்தன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மேலே இருந்ததில் வட்டவட்டமாக டீக் கறை, உறையின் ஓட்டை வழியே அட்டைவரை ஊறியிருந்தது. வேலை செய்யும் இடத்தில் டம்ளர் வைக்க அது ரொம்ப வசதி.

அவள் பல்லால் உறையைக் கிழித்தாள். பம்ப் படம், பாகங்களின் பட்டியல், எச்சரிக்கை. அதற்கு அடுத்து, தாழ்ப்பாளை நீக்கின கை. பெட்டிமேலேயே உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் படித்தாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு நாளாக ஊரெல்லாம் தேடினது என் டீ டம்ளருக்கு அடியில் இருந்ததை நினைத்து எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் அந்தக் கையேட்டை அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார். “இது பம்புக் கையேடாச்சே, இதை எதுக்கு இலக்கியப் பிரிவுக்குக் கொண்டு வந்தீங்க?” என்றார். உள்ளே பாருங்கள் என்றேன். “கெடு நேத்தோட முடிஞ்சது. இருந்தாலும் கோப்புல சேர்த்துடறேன்,” என்று, திறக்காமலே அட்டைமேல் “படித்துப் பார்க்கப்பட்டது” என்று முத்திரை குத்தினார். குத்திய இடத்தில் டீக் கறை இருந்ததால் முத்திரை சரியாக விழவில்லை. அழுத்தமாக இன்னொரு முறை குத்தினார்.

இந்த வருஷம் அந்த நாவல் எல்லாப் பள்ளிக்கும் பாடம். தேர்வில் “பம்ப் எதைக் குறிக்கிறது?” என்பது பத்து மதிப்பெண் கேள்வி. என் மகள் பொதுப் பிரிவில் கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அங்கே சீட்டு ஒட்டச் சொல்வதில்லை, அதனால் நிறையப் படிக்க முடிகிறதாம்.

எனக்குத்தான் மண்டை குடைகிறது. “கதவைத் தட்டினது யாரும்மா? தம்பியா?” என்று பத்துத் தடவை கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

“பதினாறு பக்கம்தான்ப்பா. நீங்களே படிங்க. புரியாத இடத்துல நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்.”

படிக்கத்தான் வேண்டும். பெட்டியில் இன்னும் இரண்டு கையேடு இருக்கின்றன. ஆனால் சீசன் நேரம், தலைக்குமேல் வேலை. அந்தக் கோடையில் புதுப் பம்ப் போட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள், உங்கள் வீட்டு அலமாரியிலும் அது உறையோடு கிடக்கும். யாராவது பிரித்துப் பார்த்து, வந்தது யார் என்று எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாகப் போகும். நாலாயிரம் வீடு, இதுவரை ஒரு போன்கூட வரவில்லை.

நானே பிரித்துவிடுவேன். இப்போது அதன்மேல் டீ இருக்கிறது.