சிரித்த முகக்கவசம்

குவளை நாட்டுக்கு ஓர் அரசர், ஒரு பல்கலைக்கழகம். அந்த அரசரேதான் பல்கலைக்கழகத்துக்கும் வேந்தர். ஒரு மழைக்காலத்தில் அங்கே இருமல் காய்ச்சல் பரவியது. மாணவரும் ஊழியரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆணை. பல உயிர்கள் பிழைத்தன. பிறகு காய்ச்சல் ஒழிந்துவிட்டதாக அரண்மனை வைத்தியரே அறிவித்தார். கவசம் மட்டும் ஒழியவில்லை.

"காய்ச்சல் போயிருக்கலாம். முகக்கவசத் துறை என்று ஒன்றை அமைத்துவிட்டோமே, அதை எங்கே அனுப்புவது?" என்றார் துணைவேந்தர் நீலமேகனார்.

இதில் மாட்டிக்கொண்டு தவித்தவள் குமுதவல்லி என்ற தாவரவியல் மாணவி. சிறு வயதிலேயே அவளுக்குக் காது போய்விட்டது. பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே படித்து மேலே வந்தவள். இப்போது எல்லா உதடுகளுக்கும் திரை. ஒரு தேர்வில் தவறிவிட்டாள். அடுத்ததிலும் தவறினால் படிப்பே போய்விடும். பாவம், தோழி இசக்கியைக் கூட்டிக்கொண்டு துணைவேந்தர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, வாத்தியார் வாயைப் பாத்தாத்தான் எனக்குப் பாடம் புரியும். அவர் மட்டும் கவசத்தைக் கழட்டிக்க அனுமதி குடுங்க."

"கேட்கவில்லை என்றால் உரக்கப் பேசச் சொல்வோம்."

"அவளுக்குக் காதே கேக்காதுங்க" என்றாள் இசக்கி.

"அப்படியானால் மிகவும் உரக்க."

மறுநாளே வகுப்புதோறும் ஒலிபெருக்கி கட்டினார்கள். குமுதவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த இரைச்சலில் மற்றவர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துறை இதைச் சமத்துவம் என்று அறிவித்தது.

அந்த நேரம் பார்த்து வேந்தர் வருகை தந்தார். அரச முகத்தை மறைப்பது குற்றம் என்பதால் அவருக்குக் கவசம் கிடையாது. நகைச்சுவையாகப் பேசினார், ஒரு சிரிப்பையும் காணவில்லை. மனம் நொந்து போனார். உடனே எல்லாக் கவசங்களிலும் சிவப்புச் சாயத்தில் புன்னகை வரைய ஆணை பிறந்தது.

அடுத்த முறை வந்து, விடுதியில் இரவுச் சாப்பாடு கிடையாது என்றார். எல்லாரும் சிரித்தபடி இருந்தார்கள்.

"பார்த்தீரா, என்ன மகிழ்ச்சி" என்றார் வேந்தர்.

"தங்கள் கருணை அப்படி" என்றார் நீலமேகனார்.

பிறகு ஞாயிறு விடுமுறையையும் ரத்து செய்தார். அதற்கும் சிரிப்பு. வயிறு காய்ந்தவனும் சிரித்தான், தூக்கம் கெட்டவளும் சிரித்தாள். குமுதவல்லிக்குத்தான் கொடுமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் உதடு தெரிந்தது, ஒரு சொல்லும் வரவில்லை.

இவ்வளவு அன்பைக் கண்ட வேந்தருக்கு ஓர் ஆசை வந்தது. பதவி விலகுவதாகச் சொன்னால் மக்கள் கதறுவார்கள். அந்தக் கதறலுக்கு இரங்கி ஆயுள் முழுக்க ஆளலாம். பல்கலைக்கழகத் திடலில் மேடை போட்டார்கள். அந்த ஒலிபெருக்கிகளையே ஊரெங்கும் கட்டினார்கள்.

"நான் அரியணையைத் துறக்கிறேன்" என்று தழுதழுத்துவிட்டு, வேந்தர் காத்திருந்தார். திடலே சிரித்தது.

"அழுங்கய்யா, அழுங்க" என்று நீலமேகனார் பல்லைக் கடித்தார்.

"கவசத்தைக் கழற்றுங்கள். நீங்கள் அழுவதை நான் பார்க்க வேண்டும்" என்றார் வேந்தர்.

கழற்றினார்கள். உள்ளே இருந்த நிஜச் சிரிப்புக்கு முன்னால் சாயச் சிரிப்பு கால்தூசு பெறாது.

அரசர் வாயால் அறிவித்ததைத் திரும்பப் பெற அந்த நாட்டில் சட்டம் இல்லை. துறந்தவர் துறந்தவர்தான். துறந்த பிறகு, கவசத்தைக் கழற்றச் சொல்லி இட்ட ஆணை செல்லுமா என்று நீலமேகனார் கேட்டுக்கொண்டே இருந்தார். கவசத்தைத் திரும்ப மாட்ட ஆள் இல்லை.

குமுதவல்லி கூட்டத்தின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒருத்தி பசிக்கிறது என்றாள். ஒருவன் துணைவேந்தரைத் திட்டினான். எல்லாம் புரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் திடலில் அழுதவள் அவள் ஒருத்திதான், அதுவும் சந்தோஷத்தில்.

தாவரவியல் ஆசிரியர் சடகோபன் வெறும் முகத்தோடு அவள் எதிரே வந்து நின்றார்.

"பாடத்தை எங்கம்மா விட்டோம்?"

"முதல் பாடத்துலயே விட்டுட்டோம் சார்."

"சரி, உக்காரு."

அவள் திடலிலேயே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து வகுப்பு மொத்தமும் உட்கார்ந்தது.