கட்டுரை நோட்டில் ஒரு காய்ச்சல்

இந்தத் தொடரை நிறுத்தியே தீருவேன் என்று ஒரு சனிக்கிழமை மாலை டிவிக்கு முன்னால் நின்று சபதம் எடுத்தேன். "கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க, படம் மறைக்குது" என்றாள் மனைவி.

நான் இருபத்திரண்டு வருடமாகத் தமிழாசிரியர். தொடரின் பெயர் 'கரும்பலகை ஐயா'. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் அன்றாடப் பாடுகளை வைத்து வாரம் அரை மணி நேரம் ஊரைச் சிரிக்க வைத்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அந்த வாத்தியார் நான்.

முதல் வாரம் அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் மறந்து வைத்து, ஒரு வாளித் துணிக்கும் வெள்ளையடித்தார். நான் செய்தது. இரண்டாம் வாரம் மனைவி எழுதிய மளிகைச் சீட்டைச் சிவப்பு மையில் திருத்தி, மூன்று தரம் எழுதிக் காட்டச் சொன்னார். நான் சொன்னது. மூன்றாம் வாரம் சோபாவில் தூங்கியவர், "கடைசி பெஞ்சு, அங்க என்ன பேச்சு?" என்று அலறி எழுந்தார். இதையும் நான் செய்வதாகச் சொல்கிறார்கள். எனக்கெப்படித் தெரியும், நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

பள்ளியில் தலைகாட்ட முடியவில்லை. விளையாட்டு வாத்தியார் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் ஆசிரியர் அறைக்குள் விட்டார்.

"வீட்டு விஷயம் எப்படி வெளியே போகுது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உலகத்துல நீங்க ஒருத்தர்தான் வாத்தியாரா?"

"அப்ப மளிகைச் சீட்டு?"

"எல்லா வாத்தியாரும் திருத்துவாங்க போலிருக்கு. பாவம், அவங்க பொண்டாட்டிங்க. அது கிடக்கட்டும், எதிர் வீட்டுப் பொண்ணோட கட்டுரை நோட்டைப் பாத்துட்டீங்களா?"

"எப்பவோ பாத்தாச்சு. எட்டு மார்க்."

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். நாலாவது வாரம் தொடர் முடியும்போது டிவியில் ஒரு குரல் சொன்னது: "அடுத்த வாரம், ஐயாவுக்குக் காய்ச்சல்." எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது. சபதம் அப்போது எடுத்ததுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டு, சோபாவில் படுத்து நாள் முழுக்க கிரிக்கெட் பார்த்தேன். தலைமையாசிரியரே போன் செய்து நலம் விசாரித்தார். போர்வைக்குள்ளிருந்து முனகினேன். அவர் இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடுவதில்லை. துணைத் தலைமையாசிரியர் நாற்காலிக்கு இந்த மாதம் என் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் போர்வை டிவியில் வந்தால் நாற்காலி போச்சு.

அன்றே டிவி நிலையத்துக்கு நாலு பக்கத்தில் ஒரு கண்டனக் கடிதம் எழுதினேன். படித்தால் கல்லும் கதறும். "தபால்ல போட்டுடு" என்று மனைவியிடம் கொடுத்தேன். நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தேன். 'கரும்பலகை ஐயா' நேரத்தில் முயல் வளர்ப்பு பற்றி ஒருவர் பேசினார். தொடர் முடிந்துவிட்டதாகக் கீழே எழுத்து ஓடியது. எனக்கு வந்த நிம்மதியில் அந்த முயல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொஞ்சியிருப்பேன்.

"பாத்தியா, என் பேனாவுக்கு இருக்கிற பலத்தை. நாலு பக்கம், ஒரே வாரத்துல தொடர் காலி" என்றேன்.

அவள் பீரோவைத் திறந்து என் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்டாம்புகூட ஒட்டவில்லை.

"பின்ன யாரு நிறுத்தினது?"

"எழுதினவதான்" என்றாள். கூடவே ஒரு நோட்டையும் வைத்தாள்.

எதிர் வீட்டுப் பெண்ணின் கட்டுரை நோட்டு. வாரா வாரம் என் பள்ளி நோட்டுக் கட்டோடு மனைவி செருகி வைத்து, நான் திருத்திக் கொடுத்தது. பிரித்தேன். வரிக்கு வரி கரும்பலகை ஐயா. எதிர் வீட்டில் பெண்ணே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"டிவிக்குப் பிழையில்லாம போகணுமே. நீங்க படிச்சுப் பாத்துத்தானே திருத்தினீங்க?"

நாற்பத்திரண்டு நோட்டைத் திருத்துகிறவன் பிழையைத்தான் பார்ப்பான். கதையை யார் பார்த்தார்கள்?

"காய்ச்சல் கதையை எழுதிக் கொடுத்த பிறகுதான் உங்க நாற்காலி ஞாபகம் வந்தது. படம் பிடிக்கிறதுக்கு முந்தின நாளே வேண்டாம்னுட்டேன். வேற கதை கேட்டாங்க. என் வீட்டுக்காரரை விட்டா எனக்கு வேற கதை தெரியாதுன்னேன். முடிச்சுட்டாங்க."

ஊரே சிரித்த தொடர். என் நாற்காலிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். இவளிடமா நான் பேனா பலம் பேசினேன் என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நோட்டைக் கொடு, கிழிச்சுடலாம்" என்றேன்.

"எதுக்கு?" காய்ச்சல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். கீழே சிவப்பு மையில் என் எழுத்து: 'உண்மைச் சம்பவம் போலவே உள்ளது. நன்று.' தேதி. கையெழுத்து. "இது பத்திரமா பீரோவுலயே இருக்கட்டும். தலைமையாசிரியர் வீட்டம்மா எனக்கு நல்ல பழக்கம். நீங்க போய்ப் பாத்திரம் தேய்ங்க."

நாற்காலி தப்பியது என்ற நிம்மதியில் ஒன்று விடாமல் தேய்த்துக் கவிழ்த்தேன். அவள் வந்தாள். என் சிவப்புப் பேனாவைக் காதில் செருகியிருந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"பத்துக்கு ஆறு. அந்தப் பால் பாத்திரத்தை மட்டும் மூணு தரம் தேய்ச்சுக் காட்டுங்க."