மாமனாரின் கடைவாய்ப்பல்

எந்தத் தொழிலிலும் முதல் வருஷத்தைத் தாண்டிப் பிழைத்தவன்தான் பிற்பாடு 'வேலையில் திருப்தி' என்றெல்லாம் பேச முடியும். எனக்கு அந்த வருஷம் திருத்தணியில் வாய்த்தது.

யுத்தம் முடிந்த சமயம். கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்துவிட்டு வந்து, மலையடிவாரத்தில் ஓர் அறை பிடித்து, சாயும் நாற்காலி ஒன்றைப் போட்டேன். அந்த நாற்காலிதான் வினை. மலைக்கு மொட்டை போட வருகிறவர்கள் நேராக வந்து அதில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, "சீக்கிரம் வழிச்சி வுடுப்பா, பொஞ்சாதி புள்ளைங்க வெளிய நின்னுகினு கீறாங்க" என்பார்கள். இது பல் ஆஸ்பத்திரி என்றால், "பல்லுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?" என்று எழுந்து போவார்கள். தினமும் இதையே சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. (கல்கத்தாவில் இதைப் பாடமாக வைக்கவில்லை.)

ஒரு மத்தியானம், கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் வியர்வையோடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். தலையைக் குனியவில்லை. கன்னத்தில் கை வைத்திருந்தார்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தம்பி, நான் அரக்கோணத்துலேர்ந்து..."

"பேசாதீங்க. வாயைத் திறங்க."

திறந்தார். கீழே கடைவாயில் அருமையான சொத்தை. உடனே மரத்துப்போக ஊசி போட்டேன். கையைத் தூக்கி என்னவோ சொல்ல வந்தார். பயம் என்று நினைத்து, கையைப் பிடித்து மடியில் வைத்தேன். குறட்டால் ஓர் அசைப்பு. பல் வந்துவிட்டது.

"ஒண்ணுக்கு..." என்றார் அவர். "ஒண்ணுக்கு... அ... ஆ..."

"பின்பக்கம் போங்க."

"ஒண்ணுக்கு!" என்று தன் மார்பைத் தட்டிக் காட்டினார்.

ரொம்ப அவசரம் போலிருக்கிறது என்று நானே தோளைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டேன்.

அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு அம்மா வந்தாள். அரக்கோணத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தவள் அவள்தான்; அந்த வீட்டாரை நான் பார்த்ததில்லை.

"அடப்பாவி! பொண்ணுக்கு அப்பாடா அவரு! இங்க இன்னாத்துக்குடா இட்டாந்து நிக்க வெச்சிகினு கீறே?"

மரத்த உதட்டில் 'ப' வராது. (இதைப் பாடமாக வைத்திருந்தார்கள்.) சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளை தொழில் செய்யும் அழகைப் பார்க்க வந்தவர், காலி அறையைக் கண்ட கவலையில் கன்னத்தில் கை வைத்தாராம்.

சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். தொழிலையும் விட்டுவிடலாமென்றுகூடத் தோன்றியது. வாயில் பஞ்சைக் கடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவர், உதட்டில் உணர்வு திரும்பியதும் அம்மாவிடம் சொன்னார்:

"கை நல்ல கைதாங்க, வலியே தெரியல. காதுதான் மந்தம். எம்பொண்ணு சத்தமா பேசுவா, சரியாப் பூடும்."

சரியாகத்தான் போயிற்று. வைகாசியில் கல்யாணம்.

வெகுகாலம் கழித்து என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, நாளெல்லாம் பல் பிடுங்கிய களைப்போடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து, "பொண்ணுக்கு அப்பா எங்கங்க?" என்று கேட்டார். என் மனைவி வாயைத் திறக்காமல் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள். வீடே சிரித்தது. பாவம், அந்த மனிதர் நிஜமாகவே கொல்லைக்குப் போய்த் தேடினார். நான் எழுந்திருக்கவில்லை. தெம்பில்லை.