ஏழாவது ஆள்

"ஆறு பேர் ஆயிடுச்சு. நீங்க ஏழாவது. வெளியே நில்லுங்க" என்றாள் வார்டு வாசலில் நின்ற நர்ஸ், ஒரு கையால் தாடையைப் பிடித்தபடி.

மூட்டை தூக்கும் தொழிலாளி தன் வலது காலைக் காட்டினார். தகரம் கிழித்து மூன்று நாள் ஆகியிருந்தது. சுற்றியிருந்த பழந்துணியை மீறிக் கால் பூசணி போல வீங்கியிருந்தது. அந்தக் கால் போனால் பிழைப்பே போச்சு.

"கழுவி, மருந்து வச்சுக் கட்டினா போதும் சிஸ்டர்."

"புதுச் சட்டம் வந்திருக்குண்ணே. ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளிதான். மீறினா ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிடுவாங்க."

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. நர்ஸுகள் ஓடி ஓடிச் சாகிறார்கள், ஆளைக் கூட்டுங்கள் என்றுதான் அது சொன்னது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆளைக் கூட்டவில்லை, நோயாளியைக் குறைத்துவிட்டார்கள். வியாதி என்ன சட்டம் படித்துவிட்டா வருகிறது?

அவர் மனைவி லேசுப்பட்டவள் இல்லை. "நோயாளியாத்தானே வரக்கூடாது? ஆறாவது கட்டில் பெரியவருக்குத் துணைக்கு வந்த ஆளுன்னு எழுதிக்கோம்மா. உள்ள வந்தப்புறம் காலைப் பாரு."

நர்ஸும் எழுதிக்கொண்டாள். துணைக்கு வந்தவர் சும்மா உட்கார முடியுமா? பெரியவரைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோனார். அந்தத் தோளைப் பார்த்ததும் மற்ற ஐந்து கட்டில்களும் கூப்பிட்டன.

"அண்ணே, என்னையும் ஒரு கை பிடிங்கண்ணே!"

ஆறு பேரையும் தூக்கி இறக்கியதில் காலில் சீழ் வழிந்தது.

"வலிக்காவது ஏதாச்சும் குடும்மா" என்று மனைவி கெஞ்சினாள்.

நர்ஸ் மாத்திரைப் பட்டையைப் பிரித்து அவருக்கு ஒன்று கொடுத்தாள். தன் வாயிலும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "தலை எண்ணுற அதிகாரி வர்றாரு!"

"ஐயோ, உங்களை நோயாளின்னு எண்ணிடுவாரே! இதை மாட்டுங்கண்ணே" என்று நர்ஸ் தான் போட்டிருந்ததைப் போலவே ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து நீட்டினாள். பொத்தான் எட்டவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி விரல் நீட்டி எண்ணினார். "நோயாளி ஆறு. நர்ஸ் ரெண்டு. ரெண்டு நர்ஸுக்குப் பன்னிரண்டு பேரை வைக்கலாமே! ஜனங்களை ஏன்யா வெயில்ல நிறுத்தியிருக்கீங்க? இன்னும் ஆறு பேரை உள்ள விடுங்க!"

ஆறு பேர் முண்டியடித்து நுழைந்து, கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்துக்கொண்டார்கள்.

"ஐயா, நான் நர்ஸ் இல்லைங்க, நோயாளி!" தொழிலாளி துணியை அவிழ்த்துக் காலை அவர் முன்னால் நீட்டினார்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பன்னிரண்டு நிரம்பிடுச்சே. நீங்க பதிமூணாவது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

தொழிலாளிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டைக் கழற்றி வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"மனுஷனை எண்ணத் தெரியுது, திரும்பிப் பார்க்கத் தெரியலையா? சட்டமும் மண்ணாங்கட்டியும்! அம்மா, நீ படிச்ச நர்ஸ்தானே? உன் கையால இதைக் கழுவிக் கட்டு. எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கறேன்!"

நர்ஸ் தாடையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீசிய கோட்டை எடுத்து அவர் மடியில் திரும்ப வைத்தார் வாட்ச்மேன். "விடுண்ணே, அந்தம்மாவும் போன மாசம் பல் வலின்னு ஏழாவது ஆளா வந்தவங்கதான்."