மயிலுக்கு நான் வைத்த கால்

தெரிந்த விஷயத்தை விளக்குவதற்குத் தெரியாத விஷயத்தை உதாரணமாக எடுப்பவனைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் கிடையாது. எனக்குத் தெரிந்தது உயிரியல். தெரியாதது தறி.

டாக்டர் பட்டம் வாங்கிய சூட்டோடு, காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தேறினால் விரிவுரையாளர் வேலை. தேறாவிட்டால் எங்கள் ஊர் கூரத்தில் அப்பாவின் உரக்கடையில் யூரியா மூட்டை தூக்க வேண்டியதுதான். அப்பா அதற்குள் கடை ஆளை நிறுத்தியே விட்டார் (என் மேல் அவ்வளவு நம்பிக்கை!).

தலைப்பு, டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். பேர்தான் பெரிசு, விஷயம் எளிது. உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஆனால் கண்ணில் ஒரு கூட்டம் ஜீன்கள் வேலை செய்யும், ஈரலில் வேறு கூட்டம். எதை எழுப்புவது என்பதைப் பார்த்துக்கொள்ளச் சில புரதங்கள் இருக்கின்றன. டிஎன்ஏவில் தமக்கென்று உள்ள இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, படியெடுக்கும் இயந்திரத்தை 'இங்கே வா' என்று கூப்பிடும். இதைச் சொல்ல ஒரு சாக்பீஸ் போதும். நான் மேதை அல்லவா, தறி அட்டையைத் தேடிப் போனேன்.

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறார். பார்டரில் மயில் எப்படி விழ வேண்டும் என்பதை ஓட்டை போட்ட அட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். வரிசை மாறாமல் கயிற்றில் கோத்து, நீளமான சரமாகத் தொங்கும். புதுப் பாவு நூலைப் பழையதோடு பிணைக்க வேண்டியிருந்ததால் அன்று தறி நின்றிருந்தது. சரத்தைக் கேட்டேன்.

"எடுத்துக்கினு போப்பா. வரிசை மட்டும் கலையக்கூடாது" என்றார்.

"மச்சான், நான் டாக்டர் பட்டம் வாங்கினவன்" என்றேன்.

வகுப்பில் நாற்பது பெண்கள், பாதிப் பேர் நெசவுக்கார வீட்டுப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் துறைத்தலைவி மெஹருன்னிசா மேடம், கையில் மார்க் தாள். சரத்தை மேசையில் நீட்டி, "இதுதான் டிஎன்ஏ" என்றேன். ஓர் அட்டையில் துணி கிளிப்பை மாட்டி, "இதுதான் ஃபேக்டர்" என்றேன். அத்தோடு வாயை மூடியிருந்தால் இன்றைக்கு அங்கே நான்தான் துறைத்தலைவர்.

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சார், தறியில எல்லா அட்டையும் ஒண்ணு விடாம ஓடும். செல்லுல வேணும்ங்கிறது மட்டும்தானே ஓடுது? அது எப்படி சார்?"

பதில் கிளிப் வடிவத்தில் என் மூக்குக்குக் கீழேயே இருந்தது. ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்படித்தான்!" என்று மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டி, ஒரு கொத்து அட்டையை உருவித் தூக்கிக் காட்டினேன்.

"ஐயையோ! வெட்டாதீங்க சார்!" என்று பாதி வகுப்பு எழுந்துவிட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் தம்பி, ஃபேக்டர் டிஎன்ஏவை வெட்டுமா?"

"வெட்டாது மேடம்."

"என்ன பண்ணும்?"

"உட்காரும்... கூப்பிடும்."

"நீங்க ஜீனை எழுப்பலப்பா, கொன்னுட்டீங்க. போய்ட்டு வாங்க."

கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து, தெரிந்த மாதிரி அட்டைகளைக் கோத்துக் கட்டினேன் (ஓரத்தில் நம்பர் இருந்ததாம், யார் பார்த்தது?). சரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மச்சான் "கிளாஸ் எப்படிப்பா?" என்றார். "சூப்பர் மச்சான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "டேய், கெளம்பி வா."

தறியில் முதல் மயில் விழுந்திருந்தது. கால் இருக்க வேண்டிய இடத்தில் கால் இல்லை. தலைக்கு மேலே, கொண்டைக்கு நடுவிலிருந்து இரண்டு கால்கள் ஜரிகையில் ஜோராக முளைத்திருந்தன. யாரோ கல்யாணத்துக்குக் கட்டப்போகும் புடவை. மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் கொட்டினேன். அதோடு நிற்காமல் வாய் தானாக உளறியது.

"மச்சான், ஈயில இதே மாதிரி ஒண்ணு இருக்குது. கால் வளர்க்கிற ஃபேக்டர் தப்பிப்போய் தலையில வேலை செஞ்சா, மீசை இருக்கிற எடத்துல கால் முளைச்சிடும்."

அவர் மயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப கால் ஒண்ணும் கெட்டுப்போகல. எடம் தெரியாம எழுந்துக்கிச்சு. அதானே?"

"அதேதான் மச்சான்!"

"அடப்பாவி, இதைச் சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பாங்களேப்பா!"

நெய்ததைப் பிரிக்கும் முன் மயிலைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் யூரியா தூக்கினேன். பிறகு சென்னையில் வேலை கிடைத்தது. காஞ்சிபுரம் போனால் அக்கா இன்றும் முதலில் கத்தரிக்கோலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள்.

வருஷா வருஷம் அந்த மயில்தான் என் முதல் ஸ்லைடு. "ஏதோ ஒரு நெசவாளர் அட்டையை மாத்திக் கோத்துட்டார்" என்பேன், மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு. இந்த வருஷம் அக்கா மகள் என் வகுப்பில் சேர்ந்தாள். ஸ்லைடைப் போட்டேன், வழக்கமான பொய்யைச் சொன்னேன். கையைத் தூக்கினாள்.

"சார், நெய்தது எங்கப்பா. அட்டையை மாத்தினது எங்க மாமா."

வகுப்பே திரும்பியது. "யாருடி உங்க மாமா?"

"கிளாஸ் எடுத்துக்கினு இருக்காரு" என்றாள்.