மேற்குலகம் போன மனைவிக்கு, ஒரு பொம்மை விஷயமாக

மேற்கே, இறந்தோரை ஆளும் ஒசைரிஸ் தேவரின் நிழலில் வாழும் என் மனைவி வெர்னுரோவுக்கு, கல்தச்சன் பஷேது எழுதுவது. உனக்குத் தினமும் ரொட்டியும் பீரும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். நான் இங்கே நலமில்லை. காரணம் நீ.

நீ போன நான்கு மாதத்தில் வீட்டில் ஏழு பானை உடைந்திருக்கிறது, ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. பீர் வைத்தால் புளித்துப்போகிறது. கழுதை உன் கல்லறையைக் கண்டதும் காலை மடக்கி உட்கார்ந்துவிடுகிறது, மிச்ச தூரம் கல்லை நான் சுமக்கிறேன். வாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு காவல் நிற்கும் பெஸ் சாமியிடம் முறையிட்டேன், மறுநாள் அவரே குப்புற விழுந்து கிடந்தார். கடைசியில் குறிகாரியிடம் போனேன்.

"உன் பொண்டாட்டிதான். கடுங்கோவத்துல இருக்கா. என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலையே தாயே! துக்கம்னு எழுபது நாள் தாடிகூட மழிக்கல."

"உன் தாடிய வச்சு அவ என்ன பண்ணுவா? அங்க அவளுக்கு ஏதோ குறை. வீட்ல போய்த் தேடு."

தேடவே வேண்டியிருக்கவில்லை. நேற்று அம்மா, தன் சாவுக்கென்று சேர்த்துவைத்திருக்கும் பெட்டியைத் திறந்து அலறினாள்: "டேய், இது என் பொம்மை இல்லடா! உன் பொண்டாட்டி பேரு எழுதியிருக்கு!"

அங்கே வயல் வேலைக்கு ஆள் கூப்பிட்டால் உனக்குப் பதிலாக "இதோ வந்தேன்" என்று எழுந்து போகவேண்டிய பொம்மையை நான் உன் கல்லறையில் மாற்றி வைத்துவிட்டேன், வெர்னுரோ. இரண்டும் ஒரே பச்சை, அன்று என் கண்ணிலோ ஒரே தண்ணீர். உன்னோடு போனது அம்மா ஹுனெரோவின் பொம்மை. நீ கூப்பிட்டால் "நான் ஹுனெரோவின் ஆள்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். மாமியாரின் ஆள் சும்மா நிற்க, நீ வயலில் மணல் சுமந்திருக்கிறாய். நானாக இருந்தால் கூரையையே இறக்கியிருப்பேன். அம்மாவோ, "செத்தும் என் பொருளை எடுத்துட்டுப் போயிட்டா பாரு!" என்று இன்னும் ஓயவில்லை.

மன்னித்துவிடு. சரியான பொம்மையை இன்றே கொண்டுவருகிறேன். அதற்குப் பிறகும் ஒரு பானை உடைந்தால் ஒசைரிஸ் தேவர் சபையிலேயே உன்மேல் வழக்குப் போடுவேன், ஆமாம். வீட்டை விட்டுவிடு. எனக்கு நிம்மதி வேண்டும்.

கடிதம் எழுதிய இந்தக் கிண்ணத்திலேயே வெங்காயமும் பேரீச்சையும் வைத்துத் தருகிறேன். சாப்பிட்டு முடித்தால் கடிதம் தெரியும். உன் பெயர் என்றும் நிலைக்கட்டும்.

உன் கணவன்,
பஷேது

பி.கு.: உள்ளே இடமில்லாததால் கிண்ணத்தின் வெளிப்பக்கம் எழுதுகிறேன். பொம்மையை அன்றே வைத்துவிட்டேன். சந்தையில் வெங்காயம் வராததால் கடிதம் மட்டும் மூன்று நாள் வீட்டில் தங்கிவிட்டது. இந்த மூன்று நாளில் எதுவும் உடையவில்லை. பீர் நன்றாக இருக்கிறது. கழுதை நிற்காமல் நடக்கிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, எனக்கு ரொட்டி இறங்கவில்லை. வழக்கெல்லாம் போட மாட்டேன். பெரிய பானையைப் பரண் விளிம்பில் வைத்திருக்கிறேன். இனி உனக்குத்தான் வயல் வேலை இல்லையே, ஒரு நடை வந்துவிட்டுப் போ.