பொள்ளாச்சி ஹங்கேரி

கத்தாரில் என் நிம்மதியை முழுசாகக் கெடுத்த ஒரே மனிதர் ஹங்கேரிதான். ஆகஸ்ட் மாத வெயிலையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவருக்கு ஊர் பொள்ளாச்சி. ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை இன்ஜினியர். கூட வேலை பார்த்த ஒரு ஹங்கேரிக்காரர், தன் ஊர் நாட்டுப்புறப் பாட்டுகளை வைத்து இரண்டு வயலினுக்காக எழுதப்பட்ட ஓர் இசையை இவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். இவருக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் தோஹா நஜ்மா பகுதியில் எங்கள் கட்டடம் முழுக்க இவருக்கு ஹங்கேரி என்றே பெயர். கம்பெனி பஸ்ஸில் தொடை மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவாராம். சொறி என்று பயந்து பக்கத்து ஆள் இடம் மாறிவிடுவாராம்.

அவர் வரும்வரை கட்டடத்தில் வயலின் என்றால் நான்தான். கொலுவோ பிறந்த நாளோ, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்த பிறகு, என்னை வாசலில் நிற்க வைத்தே "ஹங்கேரி வரலையா சார்?" என்று கேட்டார்கள். என் மனைவியே, "அவர் வாசிக்கறப்போ யாரும் ஃபோனை எடுக்கல, கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்திருந்தேன்.

இத்தனைக்கும் அவர் வாசித்தது பாதிதான். ஹங்கேரிக்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். இவரிடம் மிஞ்சியது இரண்டாவது வயலின் மட்டும். கொஞ்சம் வாசிப்பார், நிறுத்துவார், வில்லைத் தூக்கிப் பிடித்தபடி தலையாட்டுவார், மறுபடி வாசிப்பார். பொங்கல் விழாவில் அவர் நிறுத்திய இடத்தில் எல்லாம் கைதட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துத் தமிழ்ச் சங்கச் செயலாளர் பொன்னாடையே போர்த்திவிட்டார். பொன்னாடையோடு மிச்சத்தையும் வாசித்தார். அடுத்து நான் மேடை ஏறியபோது பாதிக் கூட்டம் பந்தியில் இருந்தது.

பொறுக்க முடியாமல் கேட்டேன். "யாருக்காக சார் அப்படி நிறுத்தறீங்க?"

"அங்க மொத வயலின் வாசிக்கோணுமுங்க."

"அதான் ஆளே இல்லையே. அதையும் நீங்களே வாசிச்சுட வேண்டியதுதானே?"

"அப்பறம் வர்றவருக்கு எடம் வேண்டாமுங்களா?"

அடுத்த வெள்ளிக்கிழமை வயலினோடு அவர் வீட்டுச் சோபாவில் இருந்தேன். சத்தியமாக, அவரை மட்டம் தட்டத்தான் போனேன். மேல்நாட்டு நொட்டேஷன் எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் பாடிக் காட்டினார், நான் ஸ்வரமாகப் பிடித்துக்கொண்டேன்.

"இது நம்ம சுத்த தன்யாசி ராகம்தானே" என்றேன் அலட்சியமாக.

"அப்படீங்களா? ஆனா ஸ்வரத்தைப் போட்டு ஆட்டாதீங்க. அவங்க ஊர்ல நேரா நிக்குமுங்க."

அதன் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் நான் வேறு எங்கும் போகவில்லை. சண்டை போட்டுக்கொண்டே வாசித்தோம். மேடையில் சேர்ந்து வாசித்துக் கிடைத்த கைதட்டலில் எனக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று மனசுக்குள் பங்கு பிரித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவர் வேலை மாறி அபுதாபிக்குப் போய்விட்டார். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினார். "மொத வயலினுக்கு இங்கயும் ஒருத்தரு கெடச்சிட்டாருங்க." யாரோ லெபனான்காரர். நன்றாகவே வாசிக்கிறார். "ரொம்ப நல்லா இருக்கு" என்று பதில் போட்டேன். இத்தனை வருஷம் ஹங்கேரி மேல் பட்டதெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்கத்தான் இப்போது வயிறு எரிகிறது.